மேலே மறைப்பில்லை

சத்தம் கேட்டதுமே அவள் செங்கல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வரட்டும்.

கீழே வீடு ஜன்னல் முழுகத் தண்ணீரில் நின்றது. தெரு எது, ஆறு எது என்று தெரியவில்லை. மொட்டைமாடியில் அவளும் மருமகள் இசக்கியம்மாளும். தார்ப்பாய்க்கு அடியில் வீட்டுக்காரர். இன்சுலின் இருந்த ஃபிரிட்ஜே வெள்ளத்தோடு போய்விட்டது. நேற்றெல்லாம் தாகம், தாகம் என்று கேட்டவர் இன்று கேட்பதையும் விட்டுவிட்டார். மூச்சு மட்டும் பெரிது பெரிதாக வந்தது.

முதல் ட்ரோன் வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, படம் பிடித்துக்கொண்டு போனது.

அடுத்தது வந்தபோது அவரைத் தூக்கி உட்காரவைத்துக் காட்டினாள். தொடையில் ஊசி போடுவதுபோலச் சைகை செய்தாள். அதுவும் பார்த்தது. போனது.

போனில் சார்ஜ் தீருமுன் திருப்பூரிலிருந்து மகன் பேசினான். உங்களை யூடியூப்பில் பார்த்தேன் என்று அழுதான். லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம்.

பார்த்து?

மூன்றாவதுதான் அவளைக் கொதிக்கவைத்தது.

மாடி மூலையில் சுற்றிலும் சேலையைக் கட்டி, பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பு செய்திருந்தாள். மேலே மறைக்க யாருக்குத் தோன்றும்? மருமகள் உள்ளே போன நேரம் பார்த்து அது வந்தது. தலைக்கு நேரே நின்றது. நின்றுகொண்டே இருந்தது, நாசமாய்ப் போவது. அவள் எறிந்த கல் எட்டவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் மறைப்புக்குள் போகவேயில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறாள்.

இப்போது இன்னொன்று.

இது கொஞ்சம் பெரிது. தாழ்வாகவே வந்தது. நல்லதாகப் போயிற்று. கைப்பிடிச் சுவரில் ஒரு காலை ஊன்றி, பலம்கொண்ட மட்டும் வீசினாள்.

பட்டது.

இறக்கை ஒன்று சிதறியது. ட்ரோன் தள்ளாடிச் சாய்ந்து, தண்ணீரைத் தொடப் போய், எப்படியோ சமாளித்து எழும்பியது.

அப்போதுதான் அதன் அடியில் தொங்கிய பை அவள் கண்ணில் பட்டது.



அது திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. மறைப்பு இருந்த பக்கமே வராமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக ஏறி வந்தது. வீட்டுக்காரரின் காலடியில் பையோடு விழுந்து அணைந்தது.

பைமேல் அவர் பெயர். பேச்சிமுத்து. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இன்சுலினும் ஊசியும். மகன் எந்த அதிகாரி காலில் போய் விழுந்தானோ.

தொடையில் ஊசியைப் போட்டாள். வெட்கமாக இருந்தது. கல் இன்னும் ஒரு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் அவர் கதை முடிந்திருக்கும், அதுவும் அவள் கையால். தெரியும்.

ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

வெயில் சாயும்போது படகுகள் வந்தன. முதல் படகில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஏற்றும்போது கண்ணைத் திறந்து அவளைத் தேடினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டாவது படகை மாடிப்படியோரம் அணைத்தார்கள். அதில் ஓர் அதிகாரி. பக்கத்தில், கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டிருந்த ஒரு பெண். இசக்கியம்மாள் வயதுதான் இருக்கும். ஒடிந்த ட்ரோனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அதிகாரிக்கு வந்ததே கோபம். அரசாங்கப் பொருளாம். கேஸ் போடாமல் விடமாட்டாராம். யார் எறிந்தது என்று கத்தினார்.

ரிமோட்காரப் பெண் மாடி மூலையைப் பார்த்தாள். சுற்றிலும் சேலை. மேலே வானம்.

யாரும் எறியவில்லை, காற்றில் பனைமட்டை வந்து அடித்துவிட்டது என்றாள்.

நல்ல பிள்ளை. இசக்கியம்மாளும் பேசாமல் வாங்க அத்தை என்று கையைக் கிள்ளினாள். ஒரு காலைப் படகில் வைத்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் தீர்ந்தது.

அவள் மற்றக் காலை எடுக்கவில்லை.

"மட்டையும் இல்ல, காத்தும் இல்ல. நான்தான் எறிஞ்சேன். எழுதிக்கிடுங்க" என்றாள். "எதுக்கு எறிஞ்சேன்னும் கேளுங்க. அதையும் எழுதணும். எழுதினாத்தான் ஏறுவேன்."

 

ரிமோட்காரப் பெண் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள்.