கட்டைவிரல் இழைப்புளி

"எழுந்திரிங்க! யார் நீங்க? உள்ளே எப்படி வந்தீங்க?"

சரளாவின் குரல் அந்தக் காலி வகுப்பறையில் கணீரென்று ஒலித்தது.

சனிக்கிழமை மத்தியானம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பெண்கள் பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்பு பெஞ்சுக்கு அடியில் ஓர் ஆண் தலையை நுழைத்துக்கொண்டிருந்தால் எந்தத் தலைமையாசிரியைக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

அந்த ஆள் மண்டையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். நாற்பது வயது இருக்கும். கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை, முழங்காலெல்லாம் மரத்தூள்.

"என் பேர் கிஷோர், மேடம். ஐ.டி. கம்பெனியில வேலை. சிந்துவோட அப்பா."

பெங்களூரு காக்ஸ் டவுனில் இந்தப் பள்ளிக்குச் சரளா மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பிள்ளைகள் பெயரெல்லாம் அவளுக்கு இன்னும் மனதில் நிற்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவாள். முப்பது வருஷ சர்வீசில் அந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"கையில என்ன? காட்டுங்க."

அவன் உள்ளங்கையை விரித்தான். பித்தளையில் ஒரு குட்டி இழைப்புளி. தச்சர்கள் மரத்தைச் சீவி வழவழப்பாக்குவார்களே, அதுதான். ஆனால் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது.

"ஷோகேஸ்ல வெக்கிற பொம்மையைக் கொண்டுவந்து ஸ்கூல் பெஞ்சைச் சுரண்டுறீங்களா?"

"பொம்மை இல்ல மேடம். இதைச் சேர்க்கிறது எனக்கு ஒரு பைத்தியம். வீட்ல இருபத்தாறு வெச்சிருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பொம்மைன்னுதான் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா நல்லாத் தீட்டி வெச்சா, பெரிசு போகாத இடத்துக்கெல்லாம் இது போகும்."

"உங்க பைத்தியத்துக்கு எங்க பெஞ்சுதான் கிடைச்சுதா? நான் போலீஸைக் கூப்பிடறேன்."

சரளா போனை எடுத்தாள். அதற்குள் சாவிக்கொத்து குலுங்க வாட்ச்மேன் நாணு ஓடிவந்தார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க மேடம்! நான்தான் உள்ளே விட்டேன்."

"நாணு, நீங்க வாட்ச்மேன் வேலை பாக்கறீங்களா, சத்திரம் நடத்தறீங்களா?"

"என்னை என்ன வேணா சொல்லுங்க. ஒரே ஒரு நிமிஷம் அந்தக் கடைசி பெஞ்சுல உக்காந்து பாருங்க. அப்புறமா போன் பண்ணுங்க."

அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று சரளா போய் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் பலகையைத் தட்டினாள்.

"கல்லு மாதிரி இருக்கு. என்ன குறை இதுக்கு?"

சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

'சர்ர்ர்...'

கஞ்சி போட்ட காட்டன் புடவை, பலகை ஓரத்துச் சிலாம்பில் மாட்டி விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

நாணு தலையைச் சொறிந்தார். "அசெம்ப்ளியில பாவாடை கிழிஞ்ச பொண்ணுங்களைத் தனியா நிக்க வெக்கிறீங்களே மேடம்... எல்லாம் இந்த பெஞ்சுங்க பண்ற வேலைதான்."

சரளாவுக்குச் சுருக்கென்றது. நேற்றுக் காலையில்கூட ஆறு பேரை நிறுத்தி வைத்து, 'அடக்கமா உக்காரத் தெரியாதா?' என்று மைக்கிலேயே கேட்டிருந்தாள். ஒரு பெண்கூட வாயைத் திறக்கவில்லை.

"ஒரு தச்சரைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"போன வருஷம் வந்தாரு. பலகைக்கும் இரும்புக் காலுக்கும் நடுவுல நாலு விரல் இடம்தான். அவரோட பெரிய இழைப்புளி நுழையவே இல்ல. பெஞ்சையே கழட்டணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கிஷோர் மறுபடி மண்டி போட்டான். குட்டி இழைப்புளியை அந்த இடுக்கில் நுழைத்து நாலு இழுப்பு இழுத்தான். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகச் சுருள் சுருளாக விழுந்தது. சரளா விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"முழுப் பலகையையும் இதால சீவ முடியாது மேடம். ஆயுசு போயிடும். ஆனா ஓரத்துக்கு இதுதான் ராஜா."

சரளா போனைப் பைக்குள் போட்டாள். அதற்காகத் தலைமையாசிரியை ஒரேயடியாக இளகிவிட முடியுமா?

"வேலை நல்ல வேலைதான் கிஷோர். ஆனா இது முறை இல்ல. சொந்தப் பொண்ணு உக்கார்ற இடம்னா எந்த அப்பாவுக்கும் கை தானா நீளும். நாளைக்கு இன்னொருத்தர் வந்து தன் பொண்ணு தலைக்கு மேல மட்டும் ஃபேன் மாட்டறேன்னு நிப்பார். நான் யார் யாருக்குப் பதில் சொல்றது?"

கிஷோர் மரச் சுருள்களைக் கையால் கூட்டி ஒரு பழைய பேப்பரில் அள்ளினான்.

"திங்கக்கிழமை சிந்துவை என் ரூமுக்கு வரச் சொல்லுங்க. அப்பாகிட்ட இப்படியெல்லாம் கேக்கக் கூடாதுன்னு நானே எடுத்துச் சொல்றேன்."

"அவளால வர முடியாதே, மேடம்."

"ஏன்?"

"தசரா லீவுக்கு முன்னாடியே டி.சி. வாங்கிட்டோம். இப்ப சந்தாபுராவுல வேற ஸ்கூல்ல படிக்கிறா. அவ பெஞ்சை மட்டும் ஜூலையிலேயே சீவிக் குடுத்திருந்தேன். கிளம்பின அன்னிக்கு அந்த இடம் யாருக்குன்னு நாலு பொண்ணுங்க அடிச்சுக்கிட்டாங்களாம். அழுதுக்கிட்டே வந்து, 'எல்லார் பெஞ்சையும் சீவிக் குடுத்துட்டு வந்துடுப்பா'ன்னு சொன்னா. இன்னும் ஏழுதான் மேடம் மிச்சம்."