ஒரு காகம்கூட வராது

"மாக்கிறட், ஒரு பூநாரைகூட இறங்கக் கூடாது. இறங்கப் பார்த்தால் தகரத்தை அடி" என்றார் யாகப்பர். "போன முறை காணி பார்க்க வந்தவர் பறவையளைக் கண்டிட்டு, இதிலை கட்டிடம் கட்ட வனசீவராசிக்காரர் விடமாட்டினம் எண்டு திரும்பிப் போனவரெல்லே."

"நீங்கள் யோசியாமல் போங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

மனைவி தகரத்தோடு பற்றைக்குள் புகுந்தாள். கொஞ்ச நேரத்தில், காணிக்கு முன்னால் நீர் விரிந்து கிடந்த வங்காலைக் களப்பு மொட்டைத்தலை போல வெறிச்சோடிவிட்டது.

கொழும்பிலிருந்து காரில் வந்தவர், கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியால் சுற்றிவரப் பார்த்தார்.

"இஞ்சை பறவையள் வாறேல்லையோ?"

யாகப்பர் நெஞ்சை நிமிர்த்தினார். "மருந்துக்கும் இல்லை ஐயா. அந்தோனியார் சத்தியமாய் ஒரு காகம்கூட வராது!"

வந்தவரின் முகம் வாடிவிட்டது. "அப்ப இந்தக் காணி சரிவராது. பறவை பார்க்க வாறவைக்கு ஒரு விடுதி கட்டத்தான் இடம் தேடுறன்."

அந்த நேரம் பார்த்து வடக்கே இருந்து ஒரு பூநாரைக் கூட்டம் களப்பை நோக்கிச் சரிந்தது.

"ஐயா, அங்கை பாருங்கோ" என்று அவர் வாயெடுக்க முன்னமே, பற்றைக்குள் இருந்து மாக்கிறட் தகரத்தை ஓங்கி அடித்தாள்.