பேச்சு வந்தது

பக்கவாதத்தில் படுத்த வீரபாகுவுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

“தெனமும் எண்ணெய் போட்டு நீவி விடுங்க. தொட்டுப் பேசிக்கிட்டே இருக்கணும்” என்றார் டாக்டர்.

மகன் கௌரிசங்கர், குற்றாலம் அருவிக்கரையில் மசாஜ் செய்யும் மாடனைத் தென்காசி வீட்டுக்கு அழைத்து வந்தான். மாடன் நீவிக்கொண்டே தன் ஊரான கடையத்துக் கதைகளைச் சொல்வார். பெரியவரின் விரல்கள் மெல்ல அசைந்தன. மாடனின் கை பட்டால்தான் அவருக்குத் தூக்கமே வந்தது.

“நீங்க எங்க வீட்டு ஆளு மாதிரி ஆயிட்டிய அண்ணாச்சி” என்று மருமகள் உமாதேவி எவர்சில்வர் டம்ளரில் காபி நீட்டுவாள்.

ஒருநாள் தோளை நீவும்போது பெரியவரின் உதடு துடித்தது.

“இங்கன வாங்க, மாமா பேசுதாவ” என்று உமாதேவி கணவனைக் கூப்பிட்டாள். முதலில் யார் பெயரைச் சொல்வாரோ என்று இருவரும் குனிந்தார்கள்.

பெரியவர் மாடனைப் பார்த்தார்.

“கடையத்துல... நீ எந்தத் தெருலே?”

மாடன் தெருவின் பெயரைச் சொன்னார்.

இப்போது மகனுக்கும் மருமகளுக்கும் பேச்சு வரவில்லை.

அன்று காபி பேப்பர் கப்பில் வந்தது.