துப்பு கொடுத்தவன்

"ஏண்டி, பிடிக்கறதுக்கு உனக்கு வேற படகே கிடைக்கலையா? கூடப் பிறந்தவ வயித்துலதான் அடிக்கணுமா?"

மீன்வளத் துறை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அக்கா கத்திய கத்தலில், கிளார்க் எழுந்து நின்றே விட்டார்.

ஆய்வாளர் நாற்காலியில் இருந்த தங்கை மட்டும் அசையவில்லை.

"உட்காருக்கா. முதல்ல தண்ணி குடி."

"உன் தண்ணி யாருக்கு வேணும்? இறால் உரிச்சு உரிச்சு விரலெல்லாம் வெந்துபோய் உன்னைப் படிக்க வெச்சேனே, அதுக்கு நல்லாக் கைம்மாறு செஞ்சுட்டே!"

காலையில் துறைமுகத்தில் பார்த்த காட்சி அக்காவின் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. மீன் முட்டையிடும் காலம், யாரும் வலை போடக் கூடாது என்று தடை. மீறிப் போன ஒரு படகை நடுக்கடலிலேயே மடக்கி இழுத்து வந்திருந்தார்கள். அதை ஓட்டிப் போனவர் அவள் புருஷன். வலையைப் பறித்துக்கொண்டு, படகுக்கு முத்திரை வைத்தவள் அவள் தூக்கி வளர்த்த தங்கச்சி. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படகு முதலாளிதான் பக்கத்தில் வந்து சொன்னார். "எங்க ஆளுங்கள்லயே எவனோ ஒருத்தன் போன் பண்ணிக் காட்டிக் கொடுத்திருக்கான். உன் தங்கச்சிகிட்ட அவன் பேரை வாங்கிட்டு வா. உன் புருஷன் வேலைக்கு நான் பொறுப்பு. இல்லேன்னா என் படகுப் பக்கமே அவன் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

சொன்னதோடு விடவில்லை. தன் வண்டியிலேயே அவளைக் கூட்டி வந்து, இதோ வெளியே தெருவில் வண்டிப் பக்கத்தில் நிற்கிறார்.

"யாருடி போன் பண்ணினது?"

"சொல்லக் கூடாதுக்கா."

"அக்காவைவிட அவன் உனக்குப் பெரிசாப் போயிட்டானா?"

தங்கை அவளை நேராகப் பார்த்து, "இந்த விஷயத்துல பெரிசுதான்" என்றாள்.

அக்காவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"சரி, நீ சொல்லவே வேணாம். எனக்குத் தெரியும். புதுசா வலை இழுக்க வந்திருக்கானே, அந்த நெட்டையன்! அவன் முழியே சரியில்லை. அவன்தான்னு நீயே சொன்னதா முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"அக்கா! அவனை அடிச்சே போட்டுடுவாங்க!"

"போடட்டும். அடுத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டவனுக்கு மாலையா போடுவாங்க?"

அக்கா விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

தங்கை எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சார், நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று கிளார்க்கை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். அக்காவின் காதருகே வந்து, மூச்சு மாதிரி சொன்னாள்.

"அத்தான்க்கா."

"என்ன அத்தான்?"

"போன் பண்ணினது அத்தான்தான்."

அக்கா அவளையே பார்த்தாள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"உளறாதே. தான் ஓட்டற படகைத் தானே எவனாவது..."

"முதலாளி இந்தத் தடவை கொசுவலை மாதிரி ஒண்ணு கொடுத்தனுப்பியிருக்கார். முதல் தடவை இழுத்ததுமே விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுங்களா வந்து கொட்டியிருக்கு. கோழித் தீவனத்துக்கு அரைக்கத்தான் அதெல்லாம் போகுதாம். 'நான் இறங்கிட்டா வேற டிரைவர் ஏறுவான், வலை தண்ணியிலதான் கிடக்கும். நீ வந்து வலையைத் தூக்கிட்டுப் போயிடு'ன்னு, படகு நிக்கற இடத்தையும் அவரே சொன்னார்."

"வேலை போயிடும்னு தெரியாதா அந்த மனுஷனுக்கு?"

"தெரியும். கேஸ்ல அவர் பேரும் இருக்கு. 'உங்களை விட்டுடறேன் அத்தான்'னு கெஞ்சினேன். 'என்னை மட்டும் விட்டா எல்லாருக்கும் புரிஞ்சுடும், எழுது'ன்னுட்டார்."

அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பதறிப் போய் வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நேரம் யாருடைய பேரைக் கேட்டு இந்தக் குதி குதித்தோம்?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவர்..."

"உனக்குத் தெரிஞ்சா உன் முகமே காட்டிக் கொடுத்துடும்னு பயந்திருப்பார். நானும் சொல்லியிருக்க மாட்டேன். நீ அந்த அப்பாவியைப் பலி கொடுக்கக் கிளம்பிட்டே."

வெளியே செருப்புச் சத்தம் கதவுக்கு நெருக்கமாக வந்து நின்றது.

"உள்ள என்னம்மா, சத்தத்தையே காணோம்?" முதலாளியின் குரல்.

அக்காவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. தங்கை தன் கைக்குட்டையால் அதை அவசரமாகத் துடைத்தாள். கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"அந்த ஆளுக்குச் சந்தேகம் வந்துடக் கூடாது. பேரை நான் சொல்லவே இல்லேன்னு, தெருவே கேக்கற மாதிரி என்னைத் திட்டிக்கிட்டே வெளியே போ. என்ன வேணும்னாலும் சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

தாழ்ப்பாள் திறந்தது. அக்கா வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை.

தங்கை அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"திட்டுக்கா..."