அவள் ஓட்டு

“இந்தத் தடவை நானே போய்ப் போடுறேன். நீங்க வாசல்லயே நில்லுங்க” என்று கணவனின் தோளிலிருந்து கையை எடுத்தாள் அவள்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் தேர்தல். கீழ்த்தள ஹாலில் ஒரு மூலைக்குத் திரை கட்டி, ஓட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். தேர்தலை நடத்தியவர் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

“ஏம்மா, உனக்குக் கண்ணு தெரியாது. வருஷா வருஷம் இவர்தானே உனக்காகக் குத்துவார்? இந்த வருஷமும் குத்திட்டுப் போகட்டுமே” என்றவர், அவள் கணவனைப் பார்த்துக் கண்ணடித்தார். “உங்களுக்கும் நல்லதுதானே சார்?”

“நல்லதுதான் சார். ஆனா அவ ஓட்டு அவளோடது. அதை யாருக்கும் தெரியாம தானே போடுற உரிமை சட்டத்துலயே இருக்கு. அதுக்கு வழி பண்ணிக் குடுக்க வேண்டியது நாமதான்.”

“திடீர்னு சொன்னா வழிக்கு நான் எங்க போவேன்?”

“எங்கயும் போக வேணாம்.”

புத்தக பைண்டிங் கடை வைத்திருக்கும் அவன், பையிலிருந்து ஒரு கெட்டி அட்டையை எடுத்தான். ஓட்டுச்சீட்டை அதன் அடியில் செருகினால் குடைச் சின்னத்துக்கு ஒன்று, மணிச் சின்னத்துக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டைகள் சரியாக வந்து நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னத்தின் பெயரை பிரெயில் புள்ளிகளாக அவளே குத்தியிருந்தாள்.

தலைமையாசிரியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை நாங்க செஞ்சிருக்கணும்மா” என்று சீட்டை அவள் கையில் கொடுத்தார்.

மேஜை விளிம்பைத் தடவியபடி அவள் திரைக்குள் போனாள். அவனுக்கு வெளியே நிலைகொள்ளவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

திரும்பி வந்தவளின் முகம் முழுக்கச் சிரிப்பு. “நானே குத்தின முதல் ஓட்டு!”

“குடையா, மணியா?”

“ரகசியம்.”

“என்கிட்டகூடவா?”

“இப்பத்தானே அவர்கிட்ட சட்டம் பேசினீங்க?”

அவன் அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் எண்ணினார்கள். குடைச் சின்னத்தில் நின்ற இரண்டாம் மாடி நர்ஸ் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். அவன் முதல் ஆளாகப் போய் வாழ்த்திவிட்டு வந்தான்.

மாடிப்படி ஏறும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். “நான் குடைக்குத்தான் போட்டேன். அந்த நர்ஸக்கா இந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி போடுறேன்னாங்க.”

“கை குடுக்க நான் இல்லையா?”

“நீங்க கடைக்குப் போனப்புறம்?”

அவன் படியிலேயே நின்றுவிட்டான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

“அடிப்பாவி! முன்னாடியே சொல்லியிருந்தா, நானும் கைப்பிடி போடுறேன்னு சொல்லியே ஓட்டுக் கேட்டிருப்பேனே!” என்று, தோற்றுப்போன மணிச் சின்ன வேட்பாளர் தன் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.