வேம்புவின் சும்மாடு

ராயபுரத்தில் கும்பினிக்காரன் கட்டிப்போட்ட பழைய உப்புக் கிடங்குக்குள் ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்வாக இறங்குகிறது. துறைமுகக் கூலிகளின் சங்கம் இங்கே தங்கள் சாமான்களையே காட்சிக்கு வைத்திருக்கிறது: மூட்டை தூக்கும் கொக்கி, அறுந்த வடக்கயிறு, பிய்ந்த கரிக்கூடை. பார்க்க வருகிறவர்கள் செருப்பே இல்லாத கால்களையும் வாசலில் தட்டிவிட்டு நுழைகிறார்கள். கப்பலுக்குக் கரி சுமக்கும் வேம்பு, தான் கொடுத்த பழைய சும்மாட்டின் முன்னால் நின்று கோபிக்கிறாள். கூடைக்கு அடியில் தலையில் வைக்கிற அந்தத் துணிச்சுருள் கரியும் வியர்வையும் ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. "இன்னா பரசுராமா, இப்படி கலீஜா வெச்சிகீறே? ஆயுத பூசைக்குத் தொவச்சிப் பொட்டு வெச்சில்ல வெப்போம்?" மடியிலிருந்து வெளுத்த துணியைச் சுருட்டிச் செய்த புதுச் சும்மாடு ஒன்றை எடுத்து நீட்டுகிறாள். சங்கத்துப் பரசுராமன் சிரிக்கிறான். "அந்தக் கரியப் பாக்கத்தான்க்கா எல்லாரும் வராங்க." அதற்குள் வேம்புவோடு வந்திருந்த சின்ன மகள் பூவம்மா எட்டிப் பழையதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள். கச்சிதமாக உட்காருகிறது. கழுத்தை நிமிர்த்தி, கூடையைப் பிடிப்பதுபோல் ஒரு கையை உயர்த்துகிறாள், அம்மாவைப் போலவே. மதிலுக்கு அப்பால் கப்பல் ஒன்று ஊதுகிறது. வேம்பு மகள் தலையிலிருந்த சும்மாட்டை வெடுக்கென்று பிடுங்குகிறாள். கையிலிருந்த புதுச் சும்மாட்டைப் பிரித்து, அந்த வெள்ளைத் துணியால் மகளின் முடியில் ஒட்டிய கரியைத் துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு பழையதை அழுக்கோடு இருந்த இடத்திலேயே வைக்கிறாள். "இங்கியே கெடக்கட்டும் பரசுராமா," என்கிறாள். "வெளிய வுட்றாத."