இனிஷியலுக்கு அப்புறம்

வேடியப்பன் அண்ணன் சுவரில் "பா." என்று எழுதிப் புள்ளி வைத்தபோது, நான் நிறுத்தச் சொன்னேன்.

அவர் ஏணி மேலிருந்து திரும்பினார். பிரஷ்ஷிலிருந்து மஞ்சள் பெயிண்ட் சொட்டியது.

"ஏம்மா, லிஸ்ட்ல இருக்கறதத்தான எழுதிகினு வரேன்?"

"கொஞ்சம் இருங்கண்ணா. பி.டி. சாரைப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

நான் படித்த பள்ளியில் வருஷா வருஷம் விளையாட்டு விழாவுக்கு முன்னால் காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடித்து, மாநில அளவில் ஜெயித்தவர்களின் பேர்களைப் புதிதாக எழுதுவார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று சாலைப் பக்கம் எழுதுவார்கள்.

அரசுப் பள்ளிதான். லேபில் தண்ணீர் வராது. ஆனால் எங்கள் நீல பனியன் பெண்கள் மாவட்டப் போட்டியில் வேனைவிட்டு இறங்கினால், "வந்துட்டாளுங்கடி, இனிமே ரெண்டாவது எடத்துக்குத்தான் ஓடணும்" என்று மற்ற பள்ளிக்காரிகள் முணுமுணுப்பார்கள்.

வேடியப்பன் அண்ணன் எழுத ஆரம்பித்திருந்த வரி 1500 மீட்டர், பெண்கள். எட்டு வருஷமாக அங்கே என் பேர் இருக்கிறது. பா. மோகனப்ரியா.

ஓடியது நான் இல்லை. என் அக்கா ஹேமாவதி.

அந்தப் பிரிவுக்கான வயதை அவள் நாற்பது நாள் தாண்டியிருந்தாள். தங்கச்சி பேரில் இறக்கிவிடலாம் என்று பி.டி. சார் ராஜமாணிக்கம் முடிவு செய்தார். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான் என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே இனிஷியல், ஒரே மூக்கு. போட்டோவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மாநிலப் போட்டியன்று மைக்கில் என் பேரைக் கூப்பிட்டதும் நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். ஹேமா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"ஒக்காருடி. இன்னைக்கு நான்தான் நீ. நீ குந்திகினு முறுக்கு தின்னு."

அப்புறம் ஓடினாள். அவள் கயிற்றைத் தொட்டபோது இரண்டாவதாக வந்தவள் இன்னும் வளைவில் இருந்தாள்.

அவ்வளவு ஓடியும் அவள் பேருக்கு ஒரு காகிதம்கூட இல்லை. கடைசியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தாள். போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடிக் கூட்டம் என்று வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டிருந்தார்கள். ஏரிக்கரை மேல் சுற்றி வந்த கம்பெனி வேன் கவிழ்ந்தது.

பேப்பரில் மூன்று வரி வந்தது. பெண் தொழிலாளி பலி.

அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை சுவரில் அவள் பேர் வர வேண்டும். இல்லையென்றால் அவள் ஓடியதே இல்லை என்று ஆகிவிடும்.

பி.டி. சார் கேட் ஓரமாக நின்று சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். இந்த மாதம் ரிடையர் ஆகிறார். பள்ளிக்குத் தடை வரும், கப்பைத் திருப்பிக் கேட்பார்கள் என்று அவர் சொல்வார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தேன்.

"உங்க கப்புக்காக எங்க அக்கா பேர அழிச்சிட்டீங்க சார்," என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ கேக்கறது நாயம்தாம்மா," என்றார்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"ஹேமா காரியத்தன்னைக்கே எழுதிட்டேன். ஆள மாத்தி எறக்குனது நான்தான்னு. பென்ஷன நிறுத்துனா நிறுத்தட்டும். நீயும் ஒரு கையெழுத்து போட்டுடு. எச்.எம். கிட்ட குடுத்துட்டு அவ பேரையே எழுதச் சொல்லிடறேன்."

பிரித்துப் படித்தேன். ஒரு வார்த்தைகூட மழுப்பவில்லை. அவர் கையெழுத்துக்குக் கீழே என் பேரை எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தார்.

பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

அவர் மறுப்பார் என்ற நம்பிக்கையில்தான் நான் அவ்வளவு தைரியமாக வந்திருந்தேன்.

"எம்மா!" என்று ஏணியிலிருந்து சத்தம் வந்தது. "பெயிண்ட் காயுது. பேர சொன்னா எழுதிட்டு டீ குடிக்கப் போவேன்ல?"

தாலுகா ஆபீஸில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு. அந்த 1500 மீட்டர் சான்றிதழை ஹேமாவின் பெட்டியிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். என் பேர்தானே இருக்கிறது என்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஆர்டர் வந்த அடுத்த வாரம் அவள் முதல் தடவையாகக் கம்பெனி வேனில் ஏறினாள்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். காகிதத்தையும்.

சார் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுண்ணாம்பு மூட்டையை எண்ணப் போய்விட்டார்.

ஏணிக்குக் கீழே வந்து நின்றேன்.

"மோகனப்ரியா," என்றேன்.

"லிஸ்ட்லயும் அதான இருக்குது? இதுக்கா என்ன நிக்க வெச்ச?"

வேடியப்பன் அண்ணன் எழுதி முடித்து இறங்கி வந்தார். நாலடி பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் என் காலை.

"ஏம்மா, இவ்ளோ தூரம் ஓடி ஜெயிச்ச பொண்ணு நீயா?"

"ஆங்," என்றேன்.